மீந்த சோத்துல இத்தாலி உருண்டை: மொறுமொறுப்புக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே வைத்திருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் சாப்பாட்டைப் பத்தி. ராத்திரி சமைச்ச சோறு ரெண்டு கப் மீந்து போச்சு. காலையில அதை என்ன பண்றது? எலுமிச்சை சாதம், புளி சாதம், இல்லைன்னா முட்டையைப் போட்டு ஒரு ஃப்ரைட் ரைஸ். எதுக்கும் பொறுமை இல்லைன்னா குப்பைத் தொட்டி. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024-ல ஒரு அறிக்கை வெளியிட்டுச்சு. 2022-ஆம் வருஷத்துல மட்டும் உலகத்துல 105 கோடி டன் உணவு வீணாயிருக்கு, அதுல 60 சதவீதம் வீடுகள்ல இருந்துன்னு அதுல கணக்கு இருக்கு. ஹோட்டல், கல்யாண மண்டபத்தைவிட நம்ம வீட்டு சிங்க்தான் பெரிய ஓட்டை.

அந்த ரெண்டு கப் சோத்தை இத்தாலிக்காரங்க மாதிரி மொறுமொறுன்னு உருண்டையா பொரிக்கிறது எப்படி, அது ஏன் சில நேரம் எண்ணெயில உடைஞ்சு போகுது, எந்தச் சோத்தை வெச்சு இதைப் பண்ணவே கூடாது. இந்த மூணையும்தான் பார்க்கப் போறோம். மூணாவதுதான் முக்கியமானது.

எனக்குச் சொந்த ஊர் மங்களூர். உடனே நீர் தோசை, மீன் குழம்பு, கடற்கரைன்னு நினைச்சுக்காதீங்க. அது கர்நாடகா. இது கடலூர் மாவட்டம், திட்டக்குடி வட்டம், விருத்தாசலம் பக்கம். மக்காச்சோளக் காடு உண்டு, கடல் கிடையாது. மொஸரெல்லா சீஸுக்கும் பிரெட் கிரம்ஸுக்கும் அங்கே எங்கே போறது? அதனால அந்த ஊர் மளிகைக் கடையில கிடைக்கிறதை வெச்சே இந்தச் செய்முறையைச் சொல்றேன். மங்களூர்ல பண்ண முடிஞ்சா, ஓஎம்ஆர்ல இருக்கிற உங்க வாடகை வீட்டுலயும் பண்ணலாம்.

இத்தாலியில இது மூணு ஊர் பலகாரம்

முதல்ல சிசிலித் தீவு. அங்கே பேரு அரான்சினி. "குட்டி ஆரஞ்சுகள்"னு அர்த்தம். வடிவமும் நிறமும் அப்படித்தான் இருக்கும். உள்ளே கறிக் குழம்பு, பட்டாணி, சீஸ் வெச்சு, சோத்தால மூடி, ரொட்டித்தூள்ல புரட்டிப் பொரிப்பாங்க. பலெர்மோ நகரத்துல இதை "அரான்சினா"ன்னு பெண்பாலாச் சொல்லுவாங்க. கட்டானியா நகரத்துல "அரான்சினோ"ன்னு ஆண்பால். நம்மூர்ல சாம்பார்ல வெல்லம் போடலாமா வேண்டாமான்னு நடக்கிற சண்டை மாதிரி இது ஒரு தீராத சண்டை. கட்டானியாவுல பல இடத்துல கூம்பு வடிவத்துல செய்வாங்க. பக்கத்துல இருக்கிற எட்னா எரிமலை மாதிரின்னு சொல்லிக்குவாங்க.

டிசம்பர் 13, புனித லூசியா நாள். அன்னைக்கு பலெர்மோக்காரங்க ரொட்டியும் பாஸ்தாவும் தொட மாட்டாங்க. பஞ்ச காலத்துல தானியக் கப்பல் ஒண்ணு வந்துச்சாம், மாவா அரைக்கக்கூடப் பொறுமையில்லாம மக்கள் அதை அப்படியே வேக வெச்சுச் சாப்பிட்டாங்களாம். அந்தக் கதையோட நினைவா கோதுமை மாவு உணவை ஒதுக்கி வெச்சுட்டு அரான்சினா சாப்பிடுறாங்க.

ரெண்டாவது ரோம். அங்கே பேரு சுப்ளி. நீள உருண்டை, தக்காளி சேர்த்த சோறு, நடுவுல மொஸரெல்லா. ரெண்டாப் பிய்ச்சா சீஸ் நூல் மாதிரி இழுபடும். பழைய டெலிபோன் ஒயர் மாதிரி இருக்குன்னு அதுக்கு "டெலிபோன் சுப்ளி"ன்னே பட்டப்பேரு.

மூணாவது மிலான். இதுதான் நமக்கு ரொம்ப நெருக்கம். சிசிலி கடைகள்ல உருண்டைக்குன்னே சோறு புதுசா வேக வைப்பாங்க. மிலான்ல முந்தின நாள் மீந்த குங்குமப்பூ ரிசோட்டோவை எடுத்து, வெண்ணெய் போட்ட வாணலியில மெல்லிசாப் பரப்பி, ரெண்டு பக்கமும் முறுக விட்டு அடை மாதிரி எடுப்பாங்க. பேரு ரிசோ அல் சால்தோ. கிட்டத்தட்ட நம்ம தோசைக்கல் வேலை.

நம்ம சோறு ஏன் உருண்டையா நிக்கல?

அரிசி மாவுச்சத்துல ரெண்டு பேர் இருக்காங்க. ஒருத்தர் அமைலோஸ், இன்னொருத்தர் அமைலோபெக்டின். அமைலோஸ் அதிகமா இருந்தா சோறு உதிரி உதிரியா வரும். அமைலோபெக்டின் அதிகமா இருந்தா பசை பிடிக்கும். ரிசோட்டோவுக்குப் போடுற அர்போரியோ, கர்னரோலி ரெண்டும் குட்டையான, குண்டான அரிசி. அதைக் கிளறிக் கிளறி வேக வைக்கும்போது மேல்பக்க மாவுச்சத்து கரைஞ்சு குழம்பாயிடும். ஆறினா அதுவே பசை. தனியா ஒட்ட வைக்க வேண்டியதே இல்லை.

நாம சாப்பிடுற சோறு நேர் எதிர். நாம அரிசி வாங்கும்போதே "உதிரியா வருமா?"ன்னுதான் கேக்குறோம். அதுலயும் புழுங்கல் அரிசின்னா, நெல்லாவே ஊற வெச்சு, ஆவியில அவிச்சு, காய வெச்ச பிறகுதான் அரைக்கிறாங்க. மாவுச்சத்து ஒரு தடவை வெந்து இறுகின பிறகுதான் நம்ம கைக்கு வருது. அதனால சமைக்கும்போது அவ்வளவா கரையாது, ஒட்டாது. கஞ்சியை வடிச்சுட்டா மீதி இருக்கிற பசையும் போச்சு. இந்தச் சோத்தை அப்படியே பிடிச்சு எண்ணெயில போட்டா, உருண்டை பிளந்து, பருக்கை பருக்கையா மிதக்கும்.

இன்னொரு விஷயம், சோறு ஃப்ரிட்ஜ்ல இறுகிடும். வெந்த மாவுச்சத்து குளிர்ல மறுபடி நெருக்கமா அடுக்கிக்கிறதுதான் காரணம். சாப்பிடுறதுக்கு இது தொல்லை. நமக்கு இதுவே லாபம், ஏன்னா குளிர்ந்து இறுகின உருண்டை எண்ணெயில நிலைச்சு நிக்கும். பசையை மட்டும் நாம வெளியில இருந்து குடுக்கணும். அதுக்கு வழி இருக்கு, சொல்றேன். அதுக்கு முன்னாடி அந்த முக்கியமான விஷயம்.

மோந்து பார்த்தா போதாது

நம்ம வீடுகள்ல ஒரு சோதனை உண்டு. மூடியைத் திறந்து மோந்து பார்க்கிறது. வாடை இல்லைன்னா "நல்லாத்தான் இருக்கு, சூடு பண்ணிச் சாப்பிடு". எங்க ஆயாவும் அப்படித்தான், உங்க வீட்டுலயும் அப்படித்தான் இருக்கும். பல உணவுக்கு இது சரி. சோத்துக்குச் சரியில்லை.

பேசில்லஸ் செரியஸ்னு ஒரு பாக்டீரியா. மண்ணுல இருக்கும், நெல்லுல இருக்கும், அரிசியிலயும் வந்துடும். சமைக்கும்போது பாக்டீரியா செத்துடும். ஆனா அதோட வித்துகள், அதாவது ஸ்போர், கொதி சூட்டையும் தாங்கும். சோறு வெந்து முடிஞ்சு வெதுவெதுப்பா இருக்கும்போது அந்த வித்துகள் முளைக்கும், பெருகும். அதுல சில வகை, செரியுலைடுன்னு ஒரு நச்சை உருவாக்கும். அதுக்கு வாடை கிடையாது, நிறம் கிடையாது. சூட்டுக்கும் அசையாது. பிரஷர் குக்கர் சூட்டையே தாங்கிட்டு அப்படியே இருக்கும்.

1970-களோட தொடக்கத்துல பிரிட்டன்ல ஃப்ரைட் ரைஸ் சாப்பிட்டவங்களுக்கு அடிக்கடி வாந்தி வந்துச்சு. காரணத்தைத் தேடிப் போனா, உணவகங்கள்ல சோத்தை மொத்தமா வேக வெச்சு, ராத்திரி முழுக்க வெளியிலயே வெச்சு, மறுநாள் எடுத்து வதக்கினதுதான். இன்னைக்கும் இதுக்கு "ஃப்ரைட் ரைஸ் சிண்ட்ரோம்"னுதான் பேரு. சாப்பிட்ட அரை மணியில இருந்து ஆறு மணி நேரத்துக்குள்ள வாந்தி வரும். பெரும்பாலானவங்களுக்கு ஒரு நாள்ல சரியாயிடும். அபூர்வமா கல்லீரல் வரைக்கும் பாதிச்சு உயிருக்கே ஆபத்தாகும். சின்னப் பசங்க, வயசானவங்க இருக்கிற வீட்டுல கூடுதல் கவனம் வேணும். வாந்தி நிக்கலைன்னா வீட்டு வைத்தியம் பார்த்துட்டு உக்காராம டாக்டர்கிட்ட போயிடுங்க.

நம்ம ஆபீஸ் பாஷையில சொன்னா, இன்புட்லயே வந்த கோளாறை அவுட்புட்ல சரி பண்ண முடியாது. 180 டிகிரி எண்ணெயில பொரிச்சாலும் உருண்டையோட நடுவுல நூறு டிகிரியைத் தாண்டாது. கெட்டுப்போன சோறு பொன்னிறமா வந்தாலும் கெட்டுப்போன சோறுதான்.

அதனால மூணு விதி.

ஒண்ணு: சாப்பிட்டு முடிச்சதுமே மீதியை எடுத்து வைக்கணும். தூங்கப் போகும்போது இல்லை. பிரிட்டன் உணவுத் தர முகமை சொல்றது, முடிஞ்சா ஒரு மணி நேரத்துக்குள்ள ஆற வெச்சு ஃப்ரிட்ஜுக்குள்ள வைக்கச் சொல்லி. மே மாசம் விருத்தாசலம் பக்கம் வெயில் நாப்பது டிகிரியைத் தொடும். "வெளியில வெச்சா ஆறிடும்"கிறது லண்டனுக்கு வேணா சரியா இருக்கலாம், நமக்கு ஆகாது.

ரெண்டு: ஆற வைக்கிற பாத்திரம். அடுப்பை அணைச்ச குக்கருக்குள்ளயே மூடி போட்டு விடுறதுதான் இருக்கிறதுலயே மோசம். குவியலா இருக்கிற சோறு நடுவுல மணிக்கணக்கா வெதுவெதுப்பாவே இருக்கும், பாக்டீரியாவுக்குப் பிடிச்ச சூடு அது. எவர்சில்வர் தாம்பாளத்துல ஒரு விரல் கனத்துக்குப் பரப்புங்க, ஃபேனைப் போடுங்க. பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல ஆறிடும். பீங்கான் கிண்ணம் வேண்டாம். எங்க ஊர்ப் பக்கத்து விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர் போன ஊர். அங்கே மின்கம்பத்துக்கு இன்சுலேட்டர் செய்யுறாங்கன்னா, பீங்கான் கரண்ட்டைக் கடத்தாதுங்கிறதாலதான். சூட்டையும் அது உலோகம் மாதிரி சீக்கிரம் கடத்தாது. ஊறுகாய்க்கும் ரஸ்க் தூளுக்கும் பீங்கான் ஜாடி அருமை. சோறு ஆற வைக்க வேண்டாம்.

மூணு: 24 மணி நேரம், அவ்வளவுதான். கேஷுக்கு எக்ஸ்பைரி வைக்கிற மாதிரி டப்பா மேல மணியை எழுதி ஒட்டுங்க. நேரம் தாண்டினா யோசிக்காதீங்க. பிஜியில இருக்கீங்க, ஃப்ரிட்ஜ் இல்லை, ராத்திரி முழுக்கச் சோறு வெளியில இருந்துச்சுன்னா, அந்தச் சோறு இந்தச் செய்முறைக்கு இல்லை. அன்னைக்கு அளவாப் பொங்குறதுதான் நல்ல செய்முறை.

செய்முறை: பன்னெண்டு உருண்டைக்கு

ரெண்டு கப் குளிர்ந்த சோறு. அழுத்தி அளந்தா சுமார் 350 கிராம் வரும். பச்சரிசிச் சோறா இருந்தா நல்லா ஒட்டும். ரேஷன் புழுங்கல் அரிசி, பொன்னி எதுவானாலும் பரவாயில்லை.

முதல் வேலை பசை. சோத்துல மூணுல ஒரு பங்கை மிக்ஸியில போட்டு, ஒரு முட்டை சேர்த்துக் கொரகொரன்னு அரைங்க. முட்டை சாப்பிடாதவங்க மூணு ஸ்பூன் பாலும் ரெண்டு ஸ்பூன் அரிசி மாவும் சேர்த்துக்கலாம். இந்த விழுதுதான் சிமெண்ட். மீதி முழுப் பருக்கைதான் ஜல்லி. முழுசையும் அரைச்சா உள்ளே களி மாதிரி ஆயிடும், அரைக்காமலே விட்டா உடையும்.

விழுதை மீதிச் சோத்தோட கலந்து, துருவின சீஸ் மூணு ஸ்பூன், மிளகுத்தூள் அரை ஸ்பூன், நறுக்கின கொத்தமல்லி, குங்குமப்பூவுக்குப் பதிலா ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். சோத்துல ஏற்கனவே உப்பு இருந்தா பார்த்துப் போடுங்க, சீஸ்லயும் உப்பு உண்டு.

எலுமிச்சம்பழ அளவு உருண்டை. சிசிலியில ஆரஞ்சு அளவுக்குப் பிடிக்கிறாங்கன்னு நாமளும் பிடிக்கக் கூடாது. நம்ம சோறு ஃப்ரிட்ஜ்ல இருந்து வருது. பெருசாப் பிடிச்சா வெளியில கருகும், நடுவுல ஜில்லுன்னு இருக்கும். கையில தண்ணி தொட்டுக்கிட்டு, நடுவுல குழி பண்ணி, விரல் நுனி அளவு சீஸ் துண்டு வெச்சு மூடுங்க. மளிகைக் கடையில கிடைக்கிற சீஸ் க்யூபே போதும். டெலிபோன் ஒயர் மாதிரி இழுபடாது, ஆனா ருசியில குறை இல்லை. சீஸ் வேண்டாம்னா உருளைக்கிழங்கு பொரியல், சுண்டின தக்காளித் தொக்கு, மட்டன் சுக்கா எதுவும் வைக்கலாம். ஒரே நிபந்தனை, ஈரம் இருக்கக் கூடாது. உள்ளே இருக்கிற தண்ணி ஆவியாகி வெளியே வர வழி தேடும். வழி இல்லைன்னா உருண்டையைப் பிளந்துக்கிட்டு வரும்.

பிடிச்ச உருண்டைகளை அரை மணி ஃப்ரிட்ஜ்ல வைங்க. அந்த நேரத்துல மேல்பூச்சைத் தயார் பண்ணலாம். நாலு ஸ்பூன் மைதாவைத் தண்ணி விட்டு தோசை மாவு பதத்துக்குக் கரைச்சுக்குங்க. சிசிலியிலயும் பல இடத்துல மைதாவும் தண்ணியும்தான், முட்டை கிடையாது. பிரெட் கிரம்ஸுக்கு டீக்கடை ரஸ்க் எட்டு எடுத்து மிக்ஸியில ஒரு சுத்து. ரஸ்க் ரெண்டு தடவை சுட்ட ரொட்டி, ஏற்கனவே நல்லாக் காய்ஞ்சது, அதனால மொறுமொறுப்புக்கு இதைவிடத் தோதான சரக்கு இல்லை. லேசா இனிக்கும், அதனால பூச்சு மாவுல கொஞ்சம் மிளகாய்த்தூள் போட்டுக்குங்க.

உருண்டையை மாவுல முக்கி, ரஸ்க் தூள்ல புரட்டி, உள்ளங்கையில வெச்சு லேசா அழுத்துங்க. விரிசல் இருந்தா இப்பவே மூடிடணும். எண்ணெயில போன பிறகு மூட முடியாது.

எண்ணெய் 170-ல இருந்து 180 டிகிரி. தெர்மாமீட்டர் தேவையில்லை. ஒரு சிட்டிகை ரஸ்க் தூளைப் போட்டா உடனே நுரைச்சு மேலே வரணும். அடியில போய் உக்காந்தா சூடு பத்தலை, போட்டதும் கருகினா சூடு அதிகம். எங்க பக்கம் கடலை எண்ணெய்தான். விருத்தாசலம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்துல இருந்து விஆர்ஐ வரிசையில நிலக்கடலை ரகங்களே வந்திருக்கு. கடலை எண்ணெய் இந்தச் சூட்டை நல்லாவே தாங்கும்.

ஒரு தடவைக்கு நாலு உருண்டை போதும். நிறையப் போட்டா எண்ணெயோட சூடு இறங்கிடும். சூடான எண்ணெயில மேல்பூச்சு ஈரம் வேகமா ஆவியாகி வெளியே வரும். அந்த ஆவி வெளியே தள்ளிக்கிட்டே இருக்கிற வரைக்கும் எண்ணெய் உள்ளே புகுறது குறைவு. சூடு இறங்கினா ஆவி குறையும், பூச்சு எண்ணெயைக் குடிச்சுடும். நாலு நிமிஷத்துல பொன்னிறமா வரும். முதல் உருண்டையைப் பிய்ச்சுப் பாருங்க. நடுவுல இருந்து ஆவி பறக்கணும், சீஸ் உருகியிருக்கணும். இல்லைன்னா அடுத்ததுக்குத் தீயைக் கொஞ்சம் குறைச்சு, ஒரு நிமிஷம் கூட விடுங்க. எடுத்ததும் டிஷ்யூ பேப்பர் மேல குவிக்காம ஜல்லித் தட்டுல தள்ளித் தள்ளி வைங்க. குவிச்சா அடியில ஆவி தேங்கி நமநமன்னு ஆயிடும்.

எண்ணெயில பொரிக்க மனசில்லையா?

பணியாரக்கல்லை எடுங்க. இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். ஒவ்வொரு குழிக்கும் அரை ஸ்பூன் எண்ணெய், மிதமான தீ, பக்கத்துக்கு நாலஞ்சு நிமிஷம். ஒரு பாட்டில் எண்ணெய் சூடு பண்ற வேலையும் இல்லை, மீந்த எண்ணெயை என்ன பண்றதுங்கிற கவலையும் இல்லை. ஏர் ஃப்ரையர் இருந்தா மேல எண்ணெய் தடவி 200 டிகிரியில பன்னெண்டு நிமிஷம், பாதியில ஒரு தடவை திருப்பணும்.

உருண்டை பிடிக்கவே சோம்பலா இருந்தா மிலான் வழி. இதே கலவையைத் தோசைக்கல்லுல மெல்லிசாத் தட்டி, வெண்ணெயோ நெய்யோ விட்டு, அடி முறுகுற வரைக்கும் கிளறாம விடுங்க. தட்டு போட்டுத் திருப்பி அடுத்த பக்கம். அவசரப்பட்டுத் திருப்பினா பிய்ஞ்சுடும். முறுகினதும் அதுவே கல்லை விட்டுடும்.

பிரியாணி சோத்துல பண்ணலாமான்னு கேப்பீங்க. பண்ணலாம். எலும்பு, பட்டை, கிராம்பு எல்லாம் பொறுக்கிடணும். பாசுமதி ரொம்ப உதிரி, அதனால பாதிச் சோத்தை அரைக்கணும். தயிர் சாதம் வேண்டாம், ஈரம் அதிகம். சாமை, வரகுச் சோறு நல்லாவே வரும், அதுக்கும் அதே ஃப்ரிட்ஜ் விதி. பூச்சு போட்ட உருண்டைகளை அன்னைக்கே ஃப்ரீசர்ல வெச்சா ஒரு மாசம் வரைக்கும் தாங்கும். உருக விடாம நேரா எண்ணெயில போடுங்க, தீ மட்டும் குறைவா இருக்கணும்.

இது நமக்குப் புதுசா?

யோசிச்சுப் பார்த்தா, மீந்த சோத்தை மொறுமொறுப்பாக்குற வித்தை நம்ம மொட்டை மாடியிலயே இருக்கு. சோத்து வத்தல். பழைய சோத்தை உப்பு, சீரகம், பச்சை மிளகாய் போட்டு அரைச்சு, வேட்டித் துணியில கிள்ளி வெச்சு, வெயில்ல சலசலன்னு காய விடுறது. பிரச்சினை ரெண்டு ஊருக்கும் ஒண்ணுதான்: சோத்துல இருக்கிற தண்ணி. சிசிலிக்காரங்க தண்ணியை உள்ளேயே பூட்டி வெச்சு, வெளியில மட்டும் காய்ஞ்ச ஓடு கட்டினாங்க. அதனால உடனே சாப்பிட்டாகணும். நம்ம ஆளுங்க தண்ணியை முழுசா வெயில்ல விட்டுட்டாங்க. அதனால வத்தல் வருஷம் முழுக்க டப்பாவுல இருக்கும், எண்ணெயில போட்டதும் பூவா விரியும்.

ரெண்டுமே சோத்தைக் கொட்ட மனசு வராத கைகள் கண்டுபிடிச்சது. அந்த மனசு நமக்கும் இருக்கட்டும். கூடவே ஒரு டப்பா, ஒரு பேனா, மூடி மேல எழுதின மணி. இன்னைக்கு ராத்திரி சாப்பிட்டு எழுந்திருக்கும்போதே சோத்தைத் தாம்பாளத்துல பரப்பிடுங்க. நாளைக்குச் சாயங்காலம் டீயோட உருண்டை ரெடி.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.